யாருடைய அவசரம்?

சீவக சிந்தாமணியில் ஓர் ஆகாய விமானம் வருகிறது. மயிலின் வடிவில் அமைந்த பொறி அது; ஒருவரைத் தாங்கிச் செல்லும். விசையை வலப்பக்கம் திருகினால் மேலே எழும். இடப்பக்கம் திருகினால் கீழே இறங்கும். ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் அதைச் செய்வித்ததற்குக் காரணம் அச்சம். மனைவி விசயை கண்ட தீக்கனா அவன் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது, அவளோ கருவுற்றிருந்தாள். நாட்டை நம்பி ஒப்படைத்த அமைச்சன் கட்டியங்காரனே ஒருநாள் அரண்மனையை வளைத்துக்கொண்டான். அன்று மனைவியை அந்தப் பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு மன்னன் போருக்குப் போனான். அவள் இறங்கிய இடம் ஒரு சுடுகாடு. அங்கேதான் சீவகன் பிறந்தான்.

இன்னொரு விமானம் நம் எல்லோருக்கும் தெரிந்தது: புஷ்பகம். குபேரனுடைய உடைமை, இராவணன் பறித்துக்கொண்டது. ஏறியவருடைய மனம் நினைத்த இடத்துக்கு அது போகும். எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கும் என்று நம் பாட்டிமார் கதை சொல்லும்போது சேர்த்துச் சொல்வார்கள். பதினான்கு ஆண்டு முடிந்த அன்று அண்ணன் வராவிட்டால் பரதன் தீயில் இறங்கிவிடுவான். அந்த அவசரத்துக்குத்தான் இராமன் அதில் ஏறினான். அயோத்தி சேர்ந்ததும், "இனி நீ உன் எஜமானனிடமே போ" என்று அனுப்பிவிட்டான்.

இந்த இரண்டு கதைகளிலும் விமானத்தின் வேகத்தைப் பற்றிய வியப்பைவிட, அதில் யார், எதற்காக ஏறினார் என்ற செய்திதான் நம் மனத்தில் தங்குகிறது. இன்று கூப்பிட்ட நேரத்தில் வந்து ஏற்றிச் செல்லும் சிறு விமானங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் எழுகிறது.

விஷயம் இதுதான். பெரிய விமானம் பெரிய நகரத்துக்குப் போகிறது. அதற்கென்று நேரம் குறித்த அட்டவணை உண்டு. இதற்கு மாறாக, நாலு பேரோ எட்டுப் பேரோ அமரக்கூடிய சிறு விமானத்தை, வாடகைக் கார் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு, ஒரு சிற்றூரின் ஓடுபாதையிலிருந்து இன்னொரு சிற்றூருக்குப் போய்வரலாம் என்பது ஒரு யோசனை. உலகில் பல இடங்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் இந்த ஆசை எழுவதற்கு ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

ஓசூர் ஒரு விசித்திரமான ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தேநீர்க் கடையில் புழங்கும். 1970களில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பிறகு லாரி செய்தார்கள், மோட்டார் சைக்கிள் செய்தார்கள், டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கடிகாரங்களையும் செய்தார்கள். லட்சக்கணக்கான மனிதர்களின் மணிக்கட்டில் நேரத்தைக் கட்டிவிட்ட அந்த ஊருக்குத் தன் நேரம் மட்டும் கையில் நிற்பதில்லை. மாநில எல்லையான ஜூஜூவாடியிலும், அதைத் தாண்டி அத்திப்பள்ளியிலும், அதற்கப்பால் பெங்களூரின் வீதிகளிலும் அது கரைந்து போகிறது. ஓசூரிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நெரிசல் மிகுந்த நாளில், விமானத்தில் ஏறிச் சென்னைக்குப் போகும் நேரத்தைவிட விமானத்தை எட்டிப் பிடிக்கும் நேரம் அதிகம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஓசூரில் ஏற்கெனவே ஓடுபாதை இருக்கிறது. தளி சாலையில், பேளகொண்டப்பள்ளியில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில், தனேஜா ஏரோஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கிறது. 1990களில் அந்த நிறுவனம் இத்தாலிய உரிமம் பெற்று, ஆறு பேர் அமரும் இரட்டை எஞ்சின் சிறு விமானத்தை அங்கேயே செய்தது. ஆக, சிறு விமானமும் செய்தாயிற்று. அது ஓடுவதற்குப் பாதையும் இருக்கிறது. ஆனால் ஊரார் டிக்கெட் வாங்கி ஏறுவதற்கு மட்டும் வழியில்லை. 2008 மே மாதம் திறக்கப்பட்ட பெங்களூர் விமான நிலையத்துக்கான ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. 25 ஆண்டுகளுக்கு, 150 கிலோமீட்டர் வட்டத்துக்குள், மைசூர், ஹாசன் நீங்கலாக, வேறு சர்வதேச விமான நிலையம் எழக்கூடாது என்பது அது. ஓசூரைப் பற்றிப் பேச்சு எழுந்தபோதெல்லாம் இந்த ஷரத்தும் கூடவே எழுந்து நின்றது. 2024 ஜூனில் தமிழக அரசு ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பிரயாணிகளுக்கு இடம் தரும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தது. அது வந்து சேரும்வரை சிறு விமானமாவது வரட்டுமே என்று ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி ஏங்குகிறவர்களில் ஒருவர் என் நண்பர். ஓசூரில் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறார். ஆடம்பரக்காரர் அல்ல. மதியச் சாப்பாட்டை இன்னும் அடுக்குப் பாத்திரத்தில்தான் கொண்டு போகிறார். அவர் என்னிடம் சொன்னார்:

"நீங்கள் கதை எழுதுகிறவர், சார். இரண்டு மணி தாமதமானால் ஓர் அத்தியாயம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். எனக்கு ஒரு மெஷின் நின்றால் முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதைப் பழுது பார்க்கிற ஆள் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். அவர் ஒரு மணியில் வந்து இறங்கினால் அது எனக்கு மட்டுமா லாபம்? அந்த முப்பது பேருக்கும்தானே?"

அவர் சொன்னதை அலட்சியம் செய்ய முடியாது. வேகம் என்றாலே பணக்காரரின் விளையாட்டு என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். காந்தியடிகள் 1909இல் எழுதிய 'இந்திய சுயராஜ்யம்' ரயில்களையே குற்றம் சாட்டிற்று. ஆனால் அதே ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறித்தான் அவர் இந்த நாட்டைக் கண்டார் என்பதையும் மறக்கக்கூடாது. நேரம் மிச்சமாவது நல்லதுதான். நேரம் என்பது ஆயுளின் துண்டு. அதைச் சாலையில் சிந்துவதில் புண்ணியம் எதுவும் இல்லை.

அப்படியானால் சங்கடம் எங்கே இருக்கிறது? 'கூப்பிட்டால் வரும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. எல்லோரும் கூப்பிடுகிறார்கள். யாருடைய குரல் அதற்குக் கேட்கிறது?

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் 2007இல் டேஜெட் என்ற நிறுவனம் இதே காரியத்தைத் தொடங்கிற்று. சின்னஞ்சிறு ஜெட் விமானங்கள். ஒன்றில் மூன்று பிரயாணிகள் போகலாம். விமானம் முழுவதையும் வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை. ஓர் இருக்கைக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும். அவர்கள் கட்டணம் வைத்த முறை கூர்மையானது. "எனக்கு இந்த நேரத்துக்குள் போயே ஆக வேண்டும்" என்பவருக்கு அதிகக் கட்டணம். "காலையிலிருந்து மத்தியானத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் அழைத்துப் போங்கள்" என்பவருக்குக் குறைந்த கட்டணம். பொறுமைக்குத் தள்ளுபடி! அடுத்த ஆண்டு, 2008 செப்டம்பரில், பணம் கிடைக்காமல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. மூடினாலும் அது ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போயிற்று: காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு, காத்திருக்க விரும்பாதவர் அதைக் கொடுக்க வேண்டும்.

கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் காத்திருக்கவே முடியாத மனிதர் யார் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே அஞ்செட்டிப் பக்கத்து மலைகளில் சாலை சரியாக எட்டாத கிராமங்கள் இருக்கின்றன. அங்கே பிரசவ வேதனைப்படும் பெண்ணால் காத்திருக்க முடியாது. தினக்கூலிக்காரன் ஒரு மணி தாமதமாகப் போனால் அன்றைய வேலையையே இழக்கிறான். அவனாலும் காத்திருக்க முடியாது. இவர்களுடைய அவசரம் பெரிது, பணமோ சிறிது. விலையை மட்டும் காதாகக் கொண்ட ஒரு சேவைக்கு இவர்கள் குரல் விழாது. அது வேண்டுமென்று செய்யும் கொடுமை அல்ல. அதன் காது அப்படி அமைந்திருக்கிறது.

வேறு விதமான காது கொண்ட விமானமும் உலகத்தில் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஜான் ஃபிளின் என்ற பாதிரியார், நூற்றுக்கணக்கான மைல் தள்ளித் தனியாக வாழும் குடும்பங்கள் மருத்துவரைக் காணாமலே சாவதைக் கண்டு, விமானத்தில் மருத்துவரை அனுப்பும் யோசனையைப் பல ஆண்டுகள் சுமந்து திரிந்தார். 1928 மே மாதம் குளோன்கரி என்ற ஊரிலிருந்து முதல் மருத்துவ விமானம் புறப்பட்டது. குவாண்டாஸ் நிறுவனத்திடமிருந்து வாடகைக்கு எடுத்த ஒரே ஓர் எஞ்சின் கொண்ட விமானம். முதல் ஆண்டில் 50 முறை பறந்து 225 நோயாளிகளைக் கவனித்தது. அதுவும் கூப்பிட்டால் வரும் விமானம்தான். கூப்பிடுகிறவருக்கு என்ன தேவை என்பதை அது கேட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கிற்று. மூன்று எண்களை அழுத்தினால் வண்டி வருகிறது, பணம் கேட்பதில்லை. அது சாலையில் அலறிக்கொண்டு வரும்போது லாரியும் காரும் பேருந்தும் ஒதுங்குகின்றன. ஒதுங்குகிறவர் எவரும், "என் நேரம் போயிற்றே" என்று அதன் மேல் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஏன்? அந்த அவசரத்தின் காரணம் எல்லோருக்கும் தெரியும். அதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம்.

இங்கேதான் என் மனத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

நம் ஊர் வரிசைகளைக் கவனித்திருப்பீர்கள். மருத்துவர் வீட்டு வாசலிலோ ரயில் நிலையத்து ஜன்னலிலோ பத்துப் பேர் நிற்கிறார்கள். பின்னாலிருந்து ஒருவர் முன்னே வருகிறார். "அண்ணே, குழந்தைக்கு வலிப்பு. கொஞ்சம் முன்னாலே விடுங்க" என்கிறார். வரிசை அவரை ஒரு கணம் பார்க்கிறது. பிறகு, "போப்பா, போ" என்று வழிவிடுகிறது. சில சமயம் விடுவதில்லை. "எனக்கும்தான் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று ஒரு பெரியவர் முறைப்பார். முறைத்தாலும் சரி, வழிவிட்டாலும் சரி, அங்கே ஒரு நியாயசபை நடக்கிறது. முந்துகிறவன் தன் காரணத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது. காத்திருக்கிறவர்கள் அதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அவனுக்குக் கிடைக்கும் வேகம் அவர்கள் கொடுத்தது.

பணம் கொடுத்து முந்துகிறவன் இந்தச் சபைக்கு வரவேண்டியதில்லை. காரணம் சொல்ல வேண்டாம். எவர் முகத்தையும் பார்க்க வேண்டாம். தலைக்கு மேலே பறந்து போய்விடலாம். அவன் அவசரம் உண்மையானதாகவே இருக்கலாம், என் நண்பருடையதைப் போல. வெறும் பொறுமையின்மையாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே டிக்கெட்டில் போகின்றன. எது எது என்று கேட்கிறவர் யாரும் இல்லை. நாளடைவில் அவனே தன்னைக் கேட்டுக்கொள்வதை நிறுத்திவிடுகிறான். எனக்குப் பயமாக இருப்பது இதுதான்.

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் வெளியிட்ட ஒரு நூலுக்கு நைஜீரியாவின் ரயில்வேதான் வித்தாயிற்று. ரயில் மோசமாக ஓடியது. பக்கத்திலேயே லாரிகள் போட்டிக்கு வந்தன. போட்டி வந்தால் ரயில் திருந்த வேண்டும் அல்லவா? திருந்தவில்லை. தட்டிக் கேட்கும் சாமர்த்தியமும் செல்வாக்கும் உள்ள வாடிக்கையாளர்கள் லாரிக்குப் போய்விட்டார்கள். சத்தம் போட ஆள் இல்லாமல் ரயில் நிம்மதியாகச் சீரழிந்தது.

இதை ஓசூரில் வைத்துப் பாருங்கள். 2018இல் பெங்களூர் விமான நிலையத்துக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையே ஹெலிகாப்டர் விட்டார்கள். வரி நீங்கலாக 3,500 ரூபாய். கால் மணிப் பிரயாணம். அதில் போகிறவர் அத்திப்பள்ளி நெரிசலைப் பற்றி எதற்காக மனுக் கொடுக்கப் போகிறார்? மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இன்று ரயில் கிடையாது. திருப்பத்தூரிலிருந்து குறுகிய பாதையில் வந்துகொண்டிருந்த ரயில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நின்றுபோயிற்று. ஜோலார்ப்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கு ரயில் வேண்டும் என்ற கோரிக்கை அந்த வட்டாரத்தில் வெகு காலமாக ஒலிக்கிறது. தொழிலதிபரும் அதிகாரியும் கூலிக்காரனும் ஒரே நெரிசலில் வியர்த்துக்கொண்டிருக்கும்வரை அந்தக் கோரிக்கைக்கு மூன்று பேருடைய பலமும் உண்டு. முதல் இருவரும் மேலே போய்விட்டால், மூன்றாமவனுடைய குரல் மட்டும் மிஞ்சும். அவன் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"அப்படியானால் எல்லோருக்கும் விமானம் கொடுத்துவிட்டால் போகிறது" என்று சிலர் சொல்லலாம். நம் அரசாங்கங்கள் அதையும் முயன்று பார்த்தன. 1981இல் வாயுதூத் என்ற நிறுவனம் பிறந்தது. காற்றின் தூதன் என்று பொருள். இராமன் வருகிறான் என்ற செய்தியைப் பரதனுக்கு முன்னதாகக் கொண்டு சென்றவனும் வாயுவின் மைந்தன்தானே! 19 பேர் அமரும் டோர்னியர் விமானங்கள் சிற்றூர்களுக்குப் பறந்தன. நம் தஞ்சாவூருக்குக்கூட வந்தன. இருக்கைகள் நிரம்பவில்லை, நஷ்டம் நிரம்பியது, 1993இல் அது இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தது. 2016இல் உடான் திட்டம் வந்தது. ஒரு மணிப் பிரயாணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய் என்று ஒரு பகுதி இருக்கைகளுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். நஷ்டத்தை ஈடுகட்டப் பெரிய நகரங்களுக்கிடையே ஓடும் விமானங்களின் மேல் ஒரு தீர்வை போட்டார்கள். உயர்ந்த எண்ணம்தான்: பெரிய ஊர்ப் பிரயாணி சிற்றூர்ப் பிரயாணிக்குக் கொஞ்சம் கொடுக்கிறான். ஆனால் 2023இல் வந்த தணிக்கை அறிக்கை சொன்ன கணக்கைப் பாருங்கள். ஒதுக்கிய வழித்தடங்கள் 774. அவற்றில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்றாண்டு நிறைவு செய்தவை 112. அதற்குப் பிறகும் நிலைத்தவை 54. சேலத்துக்கு 2018இல் வந்த விமானமும் இடையில் நின்று, 2023இல்தான் மறுபடி வந்தது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. விமானம் சிறுத்தாலும் விமானி சிறுப்பதில்லை. எரிபொருளும் பராமரிப்பும் அந்த அளவுக்குக் குறைவதில்லை. பேருந்தின் செலவை ஐம்பது பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். சிறு விமானத்தின் செலவை நாலு பேர் சுமக்க வேண்டும். புஷ்பகத்தில் எப்போதும் இன்னும் ஒருவருக்கு இடம் உண்டு; டேஜெட்டில் நாலாவது பிரயாணிக்கு இடம் இல்லை. ஆகவே கூப்பிட்டால் வரும் சிறு விமானம், கண்ணுக்கு எட்டிய காலம்வரை, சிலருக்கானதாகவே இருக்கும். இதை ஒப்புக்கொண்டு மேலே யோசிப்பதுதான் நேர்மை.

சிலருக்கானது என்பதாலேயே அது கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒற்றை எஞ்சின் விமானத்தை ஓட்டி வந்தார். அது ஒரு செல்வந்தர் வீட்டுப் பிள்ளையின் விமானம். ஆனால் அதில் இருந்த 25 கிலோ சுமை ஊராருடைய கடிதங்கள். பறந்தவர் ஒருவர், பயன் பலருக்கு. ஓசூரின் ரோஜாப் பூக்கள் இன்று விமானம் ஏறி வெளிநாடு போகின்றன. அவற்றைப் பறித்துக் கட்டுகிற பெண்களில் எத்தனை பேர் விமானம் ஏறியிருப்பார்கள்? இருந்தாலும் அந்தப் பறத்தலில் அவர்கள் கூலியும் ஓர் ஓரத்தில் இருக்கிறது. நாளை விமான நிலையத்துக்காக நிலம் கொடுக்கப் போகிறவர்களும் பெரும்பாலும் பறக்காதவர்கள்தான். அவர்களுக்கு நஷ்டஈட்டுப் பணத்தைக் கொடுத்தவுடன் கணக்கு முடிந்துவிட்டதாக நினைக்கக்கூடாது. மேலே போகிறவனின் ஒவ்வொரு நிமிஷச் சேமிப்பிலும் கீழே இருக்கிறவனின் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு ரயிலாகவோ, சாலையாகவோ, மலைக்கு எட்டும் ஆம்புலன்ஸாகவோ அவனிடம் திரும்பி வரவேண்டும்.

அது வருகிறதா என்று சட்டம் பார்க்கட்டும். தனிமனிதனுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஏறுவதற்கு முன்னால், மனத்துக்குள்ளாவது அந்த வரிசைக்கு முன் போய் நின்று பார்க்கலாம். "அண்ணே, எனக்கு இன்ன காரணத்தால் அவசரம்" என்று, ஜூஜூவாடியில் பேருந்துப் படியில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த மனிதனிடம் கூசாமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் தாராளமாக ஏறலாம்; அவனே "போங்க" என்று சொல்லுவான். நம் ஜனங்கள் அவ்வளவு கல்நெஞ்சர் அல்லர்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "மெஷின் நின்றுபோனால் சொல்லிவிடுவேன், சார், கூசாது" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆனால் ஒரு தடவை ஏறிப் பழகிவிட்டால், மெஷின் ஓடுகிற நாளிலும் ஏறத் தோன்றுமே, அதற்கு என்ன செய்ய?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. புஷ்பகத்தைத் திருப்பி அனுப்புவது அதில் ஏறுவதைவிடக் கடினமான காரியம் என்று மட்டும் தோன்றுகிறது.